நாற்பத்தொன்பது வயதோடு முடிந்துவிடுகிறவளா பெண்?

தேசியக் குடும்பநல ஆய்வுக்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசு வீடு வீடாக ஆள் அனுப்புகிறது. 1992-93இல் தொடங்கிய இந்த ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019-21இல் நடந்தது. எத்தனை பிள்ளைகள், எத்தனை கருக்கலைப்பு, என்ன கருத்தடை, பிரசவம் எங்கே நடந்தது, கணவன் அடித்ததுண்டா என்று பெண்களிடம் கேட்பதற்கு நீண்ட பட்டியல் இருக்கிறது. ஆனால் தனியாக உட்கார வைத்து இப்படி விரிவாகக் கேட்பது 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் மட்டும்தான். ஐம்பது வயதானவளின் பெயர் குடும்ப உறுப்பினர் பட்டியலில் இருக்கும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க அவளையும் கை நீட்டச் சொல்வார்கள். பேசச் சொல்ல மாட்டார்கள்.

இந்த எல்லைக்குக் காரணம் உண்டு. மக்கள்தொகைக் கணக்கில் 15 முதல் 49 என்பது பிள்ளை பெறும் வயது. பெண்ணை எண்ண ஆரம்பித்ததே அவள் எத்தனை பேரைப் பெறுவாள் என்று எண்ணத்தான். அந்தக் கணக்குக்குப் பயன்படாதவள் படிவத்திலிருந்து வெளியேறுகிறாள். ஆய்வாளர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு போட்ட கோடு அல்ல அது. அதனால்தான் அதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில், மருத்துவமனைகளில், சட்டங்களில், கோயில் வாசல்களில் ஏற்கெனவே இருக்கும் கோடுதான் அந்தப் படிவத்தில் எண்ணாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஐம்பதைக் கடக்கும் பெண் அதற்குப் பிறகும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாவது வாழ்கிறாள். வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு. அந்த ஆண்டுகளுக்குள் அவள் நுழைகிற வாசலின் பெயர் மெனோபாஸ். அதைப் பற்றிப் பேச வேண்டும், விழிப்புணர்வு வேண்டும் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். உலக மெனோபாஸ் நாள் என்று அக்டோபர் 18ஐ ஒதுக்கியிருக்கிறார்கள். ஏன் பேச வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் மருத்துவப் பதில்தான் கிடைக்கிறது. எனக்கு இது முதலில் நீதி குறித்த கேள்வியாகப் படுகிறது: பிள்ளை பெறும் திறன் முடிந்த பிறகு ஒரு பெண்ணின் உடலுக்கு நாம் என்ன மதிப்புத் தருகிறோம்?

உடலில் நடப்பது என்ன?

மாதவிடாய் ஒருநாளில் நிற்பதில்லை. சினைப்பையில் முட்டைகள் குறையக் குறைய ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறியும் இறங்கியும் தடுமாறுகிறது. இந்தத் தடுமாற்றம் நான்கு ஆண்டுகள் நீடிக்கலாம், எட்டு ஆண்டுகளும் நீடிக்கலாம். சில மாதம் வராது, சில மாதம் கொட்டும். பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். மேற்கு நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நடக்கிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. நாற்பதுக்கு முன்பே வருவதும் உண்டு. அது தனியாகக் கவனிக்க வேண்டிய நிலை. அறுவை சிகிச்சையில் சினைப்பைகளை எடுத்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிய மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடும்.

மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் சின்ன மாற்றத்துக்கும் பதறுகிறது. நெஞ்சிலிருந்து முகம் வரை திடீரென்று அனல் அடிக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, பிறகு குளிர்கிறது. இரவில் வந்தால் தூக்கம் போகிறது. தூக்கம் போனால் மறதி, எரிச்சல், காரணம் புரியாத அழுகை. பிறப்புறுப்பு வறண்டு உடலுறவு வலிக்கிறது. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. வெளியே தெரியாமல் எலும்பு வேகமாகத் தேய்கிறது. இதய நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. எல்லாம் எல்லாருக்கும் வருவதில்லை. சிலர் ஒன்றுமே தெரியாமல் கடந்துவிடுகிறார்கள். சிலருக்கு வேலையை விட வேண்டிய அளவுக்குப் போகிறது.

இதைப் பரங்கிப்பேட்டையில் வைத்துப் பார்ப்போம். வெள்ளாறு கடலில் கலக்கும் இந்த ஊரைப் போர்ச்சுக்கீசியர் போர்டோ நோவோ என்றார்கள். 1781இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் இங்கே மோதியதை வரலாற்றுப் புத்தகம் சொல்லும். இன்று ஊருக்குள் பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பங்கள், பல வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில். சுற்றிலும் மீனவக் கிராமங்கள். தெற்கே கிள்ளை, பிச்சாவரம் பக்கம் இருளர் குடியிருப்புகள்.

அன்னங்கோயிலிலும் முடசலோடையிலும் விடிவதற்குள் ஏலம் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் ஏற்றிச் சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் போகிற பெண்களில் நாற்பதைக் கடந்தவர்களே அதிகம். இளம் வயதில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கூடை தூக்க முடியாது. பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் முழுநேர வியாபாரம். அதாவது மாதவிடாய் தாறுமாறாக வரும் அதே வயதில்தான் அவள் வெயிலில் அதிக நேரம் உட்கார்கிறாள், கழிப்பறை இல்லாத சந்தையில் அதிக நேரம் கழிக்கிறாள். உள்ளிருந்து அடிக்கும் அனலை வெளி வெயிலோடு சேர்த்துத் தாங்குகிறாள். சிறுநீரை அடக்குவதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள். அலையாத்திக் காட்டு நீரில் மணிக்கணக்கில் இறங்கி நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு, எப்போது எவ்வளவு வரும் என்று தெரியாத இரத்தப்போக்கு என்றால் என்ன என்பதை நினைத்துப் பாருங்கள்.

அவள் சுகாதார நிலையத்துக்குப் போனால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“ஏம்மா, உங்களுக்கு மாசாமாசம் வருதா?”

“அதெல்லாம் நின்னுபோச்சு சிஸ்டர்.”

“சரி, பிரஷர் பார்க்கணும், கையை நீட்டுங்க.”

செவிலியர் அலட்சியமானவர் அல்ல. வாசலில் கர்ப்பிணிகள் வரிசையாக நிற்கிறார்கள். அவர் நிரப்ப வேண்டிய பதிவேட்டில் “நின்னுபோச்சு” என்ற பதிலுக்கு அடுத்த கேள்வி கிடையாது.

சொல் இல்லாத வலி வலியா?

“எங்க அம்மா, பாட்டி எல்லாம் இதையா பேசிக்கிட்டு இருந்தாங்க? அவங்களுக்கு ஒண்ணும் வரலையே” என்ற வாதத்தை எல்லாரும் கேட்டிருப்போம். இதை உதறிவிட முடியாது. இதற்கு ஓர் ஆய்வின் துணையும் உண்டு. அமெரிக்க மானுடவியலாளர் மார்ஷா ஃப்ளின்ட் 1975இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், வட இந்தியாவில் தான் சந்தித்த 483 ராஜபுத்திரப் பெண்களில் மிகச் சிலரே மெனோபாஸ் தொல்லைகளைச் சொன்னார்கள் என்று எழுதினார். முக்காடும் முற்றத்து எல்லையுமாக இருந்த பெண்கள் மாதவிடாய் நின்றதும் ஆண்கள் அமர்ந்திருக்கும் இடத்துக்கு வரலாம், பேசலாம், சிரிக்கலாம். அவர்களுக்கு இது தண்டனையாக இல்லாமல் பரிசாக இருந்தது என்பது அவர் வாதம். ஜப்பானில் ஆய்வு செய்த மார்கரெட் லாக், அங்குள்ள பெண்கள் அனலைப் பற்றி அமெரிக்கப் பெண்களைவிட மிகக் குறைவாகவே சொன்னதை 1993இல் வெளியான தன் நூலில் பதிவு செய்தார். அங்கே தோள்பட்டை இறுக்கமும் தலைவலியும்தான் பெரிய புகார். சமூகம் மாறினால் உடல் அனுபவமும் மாறுகிறது என்பதை இந்த ஆய்வுகள் காட்டுகின்றன. மெனோபாஸ் எங்கும் ஒரே மாதிரியான நோய் என்று சொல்கிறவர்களுக்கு இவை நல்ல பதில்.

ஆனால் ஃப்ளின்ட் சொன்ன பரிசை இன்னொரு முறை பார்க்க வேண்டும். முப்பது ஆண்டுகள் பூட்டிவைத்த கதவைத் திறந்துவிட்டால் மகிழ்ச்சி வரத்தான் செய்யும். அந்த மகிழ்ச்சியை வைத்து இரவுத் தூக்கம் கெடவில்லை என்று சொல்லிவிட முடியுமா? கிடைத்த சின்ன உரிமை கை நழுவிவிடுமோ என்று பயப்படுகிறவள் உடல் தொல்லையை யாரிடம் சொல்வாள்? துன்பம் இல்லாததால் பேசாமல் இருப்பது ஒன்று. பேசினால் கேட்க ஆளில்லாததால் பேசாமல் இருப்பது வேறு. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அமைதி.

மிராண்டா ஃப்ரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தன் அனுபவத்தைத் தனக்கே விளக்கிக்கொள்ளத் தேவையான சொல் சமூகத்தின் பொதுச் சொல்வளத்தில் இல்லாமல் போவதும் ஓர் அநீதி என்றார். பாலியல் தொந்தரவு என்ற சொல் வரும் முன் வேலையிடத்தில் அதை அனுபவித்த பெண்களுக்கு நடந்தது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்ற பெயரைக் கேட்ட நாளில்தான், இது தன் குற்றமில்லை என்று ஒரு தாய்க்குப் புரிந்தது. சொல் வந்த பிறகு வலி பிறக்கவில்லை. இருந்த வலிக்கு முகவரி கிடைத்தது.

தமிழில் மாதவிடாய்க்குச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. தூரம், தீட்டு, வீட்டுக்கு விலக்கு என்று எல்லாமே அவள் எங்கே நிற்கக் கூடாது என்பதைச் சொல்லும் சொற்கள். அது நிற்பதற்குத் தனிச் சொல்லே புழக்கத்தில் இல்லை. “நின்னுபோச்சு” என்பதோடு சரி. மெனோபாஸ் என்ற சொல்லும் பழையதல்ல. பிரெஞ்சு மருத்துவர் கார்தான் 1821இல் உருவாக்கியது, மாத ஓட்டத்தின் நிறுத்தம் என்பது பொருள். அரபியில் வழங்கும் ‘சின்னுல் யஃஸ்’ என்ற தொடருக்கு நம்பிக்கையிழப்பின் வயது என்று பொருள். ஜப்பானியரின் ‘கோனென்கி’யில் புதுப்பித்தல் என்ற பொருளும் தொனிக்கிறது. பெயர் வைக்கும்போதே ஒரு தீர்ப்பையும் வைத்துவிடுகிறோம். நமக்குப் பெயரும் இல்லை, ஆகவே தீர்ப்பைக் கேள்வி கேட்கவும் வழியில்லை.

மௌனத்தின் விலை

அறியாமை ஒரு மனக்குறை மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பெண்கள் உறுப்பை விலையாகக் கொடுக்கிறார்கள்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி 15-49 வயதுப் பெண்களில் 100க்கு மூன்று பேருக்கு மேல் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருக்கிறது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இது எட்டைத் தாண்டுகிறது. பெரும்பாலான அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் சொன்ன காரணம் அதிக இரத்தப்போக்கு. நாற்பதுகளில் வரும் அதிக இரத்தப்போக்குக்குப் பல நேரம் மாத்திரை போதும். கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் உண்டு. புற்றுநோய், பெரிய கட்டிகள் போன்றவற்றுக்குக் கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டும், அதில் தயக்கம் கூடாது. ஆனால் இது நிற்கப்போகும் காலத்தின் தடுமாற்றம், பரிசோதித்துவிட்டு மருந்து சாப்பிட்டால் அடங்கும் என்று தெரியாதவளிடம் “எடுத்துடலாம்மா, இனி அது எதுக்கு?” என்று சொன்னால் அவள் எதை வைத்து மறுப்பாள்?

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நடந்தது 2019இல் வெளியே வந்தது. கரும்பு வெட்டப் போகும் பெண்களில் பலர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாதவிடாய் வலியால் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் தண்டம் கட்ட வேண்டும். அரசு எடுத்த கணக்கில் சுமார் 82,000 பெண் தொழிலாளர்களில் 13,000க்கும் மேற்பட்டோருக்கு அறுவை நடந்திருந்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற அறுவைகள் குறித்து மருத்துவர் நரேந்திர குப்தா தொடர்ந்த பொதுநல வழக்கில், இவற்றைக் கண்காணிக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

“இனி அது எதுக்கு?” என்ற கேள்வியை நாம் சாதாரணமாகக் கடந்துவிடுகிறோம். அதற்குள் ஒரு தத்துவமே இருக்கிறது. பிள்ளை பெறுவதற்காகத்தான் கர்ப்பப்பை, பெற்று முடித்தால் அது வெறும் சதை. அதே கணக்கை இன்னும் ஓர் அடி நீட்டினால் பெண்ணும் அப்படித்தான். ஓர் ஆணிடம் எந்த மருத்துவரும் “மூணு பிள்ளை பெத்தாச்சு, விதை இனி எதுக்கு?” என்று கேட்டதாக நான் அறியேன்.

சுனாமிக்குப் பின்

2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டக் கரை 600க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. பரங்கிப்பேட்டைக்கு அருகே சாமியார்பேட்டை, புதுப்பேட்டை, சின்னூர், எம்.ஜி.ஆர். திட்டு என்று கடலோரக் கிராமங்கள் சிதைந்தன. செத்தவர்களில் குழந்தைகள் ஏராளம். அவர்களின் தாய்மார்களில் பலர் முப்பதைத் தொடும் முன்பே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். பிள்ளைகளை இழந்த இப்பெண்களுக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சையைத் தமிழக அரசு இலவசமாகச் செய்து தந்தது. மறுபடி பிள்ளை பெற்றவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளால் உயிர் மீண்டவர்கள் உண்டு. அதைக் குறை சொல்ல நான் யார்?

நான் கேட்பது மற்றவளைப் பற்றி. பிள்ளையைக் கடலில் விட்ட, நாற்பத்தெட்டு வயதான, மாதவிடாய் நின்றுவிட்ட தாய்க்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை, இருக்கவும் முடியாது. மருத்துவத்தின் எல்லை அது. ஆனால் துயரத்துக்கு மருந்து மறு பிள்ளைதான் என்று ஊரும் உறவும் அரசும் ஒரே குரலில் சொல்லும்போது, பெற முடியாதவளின் துயரம் என்ன ஆகும்? தீர்வு இல்லாத துயரம் என்று அதைக் கைகழுவி விடுகிறோம். தூக்கமின்மையும் படபடப்பும் அழுகையும் சுனாமியாலா, மெனோபாஸாலா என்று பிரித்துக் கேட்க அங்கே யார் இருந்தார்கள்? துக்கத்தையும் கருப்பை வழியாகவே அளக்கும் சமூகத்தில், கருப்பை ஓய்ந்தவளுக்குத் துக்கப்படும் தகுதியும் குறைந்துபோகிறது.

விடுதலையா, விடுவிப்பா?

பெண்ணடிமையின் வேர் பிள்ளைப்பேற்றில் இருக்கிறது என்று பெரியார் சொன்னார். நாட்டின் வறுமையைக் காட்டியும் தாயின் உடல்நலத்தைக் காட்டியும் மற்றவர்கள் கருத்தடை பேசிய காலத்தில், பெண் விடுதலை பெறுவதற்காகவே கருத்தடை வேண்டும் என்று வாதிட்டவர் அவர். அந்த வாதத்தின்படி பார்த்தால் மெனோபாஸ் இயற்கை தரும் விடுதலைப் பத்திரம். இனிக் கருவுறும் பயமில்லை, மாதாமாதம் துணி தேட வேண்டியதில்லை. நோன்பு மாதத்தில் விட்ட நாட்களைக் கணக்கு வைத்துப் பிறகு நோற்க வேண்டியதில்லை, முப்பதையும் ஒரே மூச்சில் நோற்கலாம். இந்த நிம்மதி உண்மையானது. மெனோபாஸ் பற்றிப் பேசும்போது இழப்பை மட்டும் பேசுவது பெண்களுக்கு நாம் செய்யும் இன்னொரு அநியாயம்.

ஆனால் கருவிலிருந்து விடுபட்ட பெண் வேலையிலிருந்து விடுபடுகிறாளா? மகளின் பிரசவம், பேரப்பிள்ளை, படுத்த மாமியார் என்று எல்லாம் இப்போதுதான் அவள் தலையில் வந்து விழுகின்றன. வலிக்கிறது என்று சொன்னாலும் கணவனின் படுக்கை உரிமை குறைவதில்லை. சங்கிலியின் ஒரு கண்ணி கழன்றால் மற்றவை இறுகவும் செய்யும். பெரியார் காட்டிய வேர் உண்மைதான். மரம் அந்த ஒரு வேரில் மட்டும் நிற்கவில்லை.

இந்தத் தாமதமான சுதந்திரம் எந்த நிபந்தனையில் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். திருமணத்திலிருந்து தப்ப ஒளவை பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கினாள் என்பது கதை. இதே கடற்கரையில் தெற்கே இருக்கும் காரைக்காலின் அம்மையார், கணவன் விலகியதும் உடல் அழகை உதிர்த்துப் பேய் வடிவம் கேட்டார் என்கிறது பெரியபுராணம். பாடவும் அலையவும் பெண்ணுக்கு உரிமை வேண்டுமென்றால் முதலில் அவள் பெண்ணாகத் தெரிவதை நிறுத்த வேண்டும் என்பதுதான் இந்தக் கதைகளின் ஒப்பந்தம். சபரிமலையில் 10 முதல் 50 வயதுப் பெண்களுக்குத் தடை என்றபோதும் இதே ஒப்பந்தம்தான். 2018 செப்டம்பர் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் அந்தத் தடை செல்லாது என்றார்கள். அதற்கு முன்பும் மெனோபாஸ் கடந்தவள் இருமுடி கட்டலாம். அவளுக்குக் கிடைத்தது உரிமை என்று சொல்ல முடியுமா? ஆபத்து நீங்கியது என்ற சான்றிதழ் அது.

இஸ்லாமியச் சட்டம் ஒரு விதத்தில் வேறுபட்டு நிற்கிறது. மாதவிடாய் எதிர்பார்ப்பு நின்றுவிட்ட பெண்ணை வேதமே நேரடியாகக் குறிப்பிட்டு, மணமுறிவுக்குப் பின் அவள் இருக்க வேண்டிய இத்தா காலத்தை மூன்று மாதம் என்று சொல்கிறது. திருமண எதிர்பார்ப்பு இல்லாத வயதான பெண்களுக்கு மேலாடை விதியில் தளர்வும் தருகிறது. கூச்சமில்லாமல் பேசப்பட்ட பொருள் இது என்பதற்குச் சான்றாக இதைப் பரங்கிப்பேட்டை லாத்தாக்கள் எடுத்துக்காட்டலாம். வேதம் வாய்விட்டுப் பேசியதை மருத்துவரிடம் பேச ஏன் வெட்கப்பட வேண்டும்?

அறிவியல் தரும் ஆறுதலிலும் ஒரு சிக்கல் உண்டு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. கடலைப் படிப்பவர்களுக்குத் தெரியும்: மனிதரைத் தவிர்த்துப் பெண்ணினம் இனப்பெருக்கம் முடிந்தபிறகும் நீண்டகாலம் வாழ்வது பெரும்பாலும் சில திமிங்கில வகைகளில்தான். 2016 ஜனவரியில் திருச்செந்தூர் அருகே கூட்டமாகக் கரையொதுங்கினவே, அந்தக் குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலங்களும் அவற்றில் ஒன்று. ஓர்க்காக்களில் சால்மன் மீன் குறைந்த ஆண்டுகளில் கூட்டத்தை வழிநடத்துவது கிழவிகள் என்று கண்டிருக்கிறார்கள். தான்சானியாவின் ஹாட்சா மக்களிடையே கிழங்கு தோண்டிப் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டும் மூதாட்டிகளைப் பார்த்து, மெனோபாஸுக்குப் பிந்தைய நீண்ட வாழ்வுக்குப் பாட்டிகளின் உதவியே காரணம் என்ற கருதுகோளை மானுடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸ் முன்வைத்தார்.

அழகான கருத்து. நானும் பெருமையோடு சொல்லித் திரிந்திருக்கிறேன். ஆனால் பரிணாமம் எப்படி நடந்தது என்பது ஒரு செய்தி. ஒருத்தி எதற்காக வாழ வேண்டும் என்பதற்கு அது பதிலாகாது. பிள்ளை பெற்றதால் மதிப்பு என்ற இடத்தில் பேரப்பிள்ளை வளர்ப்பதால் மதிப்பு என்று வைத்தால், தராசு அதேதான், படிக்கல் மட்டும் மாறியிருக்கிறது. பிள்ளையே பெறாதவளுக்கும், பேரப்பிள்ளையைத் தூக்க விரும்பாதவளுக்கும் அவள் உடல்வலி கேட்கப்படும் உரிமை உண்டு. ஐம்பது வயதுப் பெண் எதற்குப் பயன்படுகிறாள் என்று கேட்பதையே நிறுத்துவதுதான் இங்கே நீதி.

பேசினால் சந்தை வரும் என்ற பயம்

விழிப்புணர்வுக்கு எதிராகப் பெண்ணியவாதிகளே ஒரு நியாயமான அச்சத்தைச் சொல்வதுண்டு. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க மருத்துவர், மெனோபாஸ் ஒரு குறைபாட்டு நோய், ஹார்மோன் மாத்திரையால் என்றும் பெண்மையோடு இருக்கலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். அமோகமாக விற்றது. அவருக்கு ஹார்மோன் மருந்து நிறுவனங்கள் பணம் தந்தது பின்னால் தெரியவந்தது. 2002இல் 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. கூட்டு ஹார்மோன் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடியிருந்தன. உலகெங்கும் பெண்கள் ஒரே இரவில் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். அந்தச் சோதனையில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்கு உட்பட்ட, நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்கும் பெண்களுக்கு நன்மை தீமையின் கணக்கு வேறு என்பது பிறகு தெளிந்தது. முதலில் எல்லாருக்கும் வேண்டும் என்றார்கள், பிறகு யாருக்கும் வேண்டாம் என்றார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று பெண்ணைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த வரலாறு பேசாமல் இருக்கச் சொல்லவில்லை. யார் பேசுகிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறது. பெண்கள் தங்களுக்குள் பேசாத இடத்தை விளம்பரம் நிரப்பும், அல்லது கத்தி நிரப்பும். இன்னொரு அச்சமும் உண்டு: இதைப் பேசினால் ஐம்பது வயதுப் பெண் வேலைக்கு லாயக்கில்லை என்பார்களே? மாதவிடாய் விடுப்பு பேசியபோதும் இதைத்தான் சொன்னார்கள். ஆண் உடலை அளவாக வைத்துச் செய்த வேலையிடத்தில் பெண்ணின் எந்தத் தேவையும் குறையாகத்தான் தெரியும். தேவையை மறைத்தால் அந்த அளவுகோல் அப்படியே நிலைத்துவிடும்.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்களின் பதிவேட்டில் நாற்பதைக் கடந்த பெண்களுக்கு நான்கு கேள்விகளைச் சேர்க்கலாம்: தூக்கம் எப்படி, அனல் அடிக்கிறதா, இரத்தப்போக்கு எப்படி, சிறுநீர் எரிகிறதா. நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், அது புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம் என்ற ஒரே ஒரு வாக்கியம் பல உயிர்களைக் காக்கும். மீன் இறங்குதளத்திலும் சந்தையிலும் பூட்டில்லாத, தண்ணீருள்ள கழிப்பறை மெனோபாஸ் மருத்துவத்தின் ஒரு பகுதிதான். பள்ளியில் வயதுக்கு வருவதைப் பாடமாக வைக்கிறோம். அது ஒருநாள் நிற்கும் என்பதையும் அதே பாடத்தில், பையன்களையும் உட்கார வைத்துச் சொல்லலாம். கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் இரண்டாவது மருத்துவரிடம் கேட்கும் உரிமை இருக்கிறது என்பதைச் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் ஒருமுறை பேசலாம்.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒரு கேள்வி. உங்கள் அம்மாவுக்கு எந்த வயதில் நின்றது? மகளுக்கு நிற்கும் வயது பெரும்பாலும் தாயின் வயதை ஒட்டியே அமைகிறது, எனவே உங்கள் நலனுக்காகவும் அது தெரிய வேண்டிய தகவல். நாம் வயதுக்கு வந்த தேதி, கிழமை, நேரம்வரை அம்மாவுக்கு மனப்பாடம். ஊரைக் கூட்டிப் பந்தல் போட்டு நீராட்டியதற்குப் படமும் இருக்கும். அவளுக்கு நின்ற ஆண்டு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ஆண்டுகளில் அவள் ஏன் அவ்வளவு கோபப்பட்டாள், ஏன் பின்னிரவில் எழுந்து கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள் என்று அப்போது நாம் கேட்கவில்லை. இப்போது கேட்கலாம். “அதெல்லாம் எதுக்கு இப்ப?” என்றுதான் முதலில் சொல்வாள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.